"தெரியாது" என்று சொல்லும் நேர்மை



சென்ற மாதம் பூஜை முடிந்து உணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பொறியியலில் மேற்படிப்பைத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளை ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, ரேடார் ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் செய்வதை வைத்து நாளைக்கு யாராவது குண்டு போட்டால், அந்தப் பாவம் யாருக்கு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதன் பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ரேடியோ அலையை அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்பதுதான் ரேடார். நம் கைத்தொலைபேசி பேசுவதும் இதே இன அலையில்தான். 1935இல் பிரிட்டனில் வாட்சன் வாட் இதில் இறங்கியது எதிரி விமானங்களை முன்கூட்டியே அறிவதற்காக. 1951இல் அமெரிக்காவில் கார்ல் வைலி ஒரு வழி கண்டார். பறந்து செல்லும் சிறிய ஆன்டெனா வழிநெடுகக் கேட்கும் எதிரொலிகளைக் கணக்கிட்டுச் சேர்த்தால், மிகப் பெரிய ஆன்டெனா காட்டும் அளவுக்குத் தெளிவான படம் கிடைக்கும். இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை.

போருக்காக வளர்ந்த இந்தக் கலை போரோடு நின்றுவிடவில்லை. 2015 நேபாள நிலநடுக்கத்தில், இடிபாடுகளுக்குள் சிக்கிய நான்கு பேரை அவர்களுடைய இதயத் துடிப்பைக் கொண்டே கண்டுபிடிக்க நாசா உருவாக்கிய சிறிய ரேடார் கருவி உதவியது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நைசார் செயற்கைக்கோள், நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அறிந்துவிடக் கூடியது.

"கத்தியின் மேல் குற்றமில்லை, பிடித்த கையின் மேல்தான்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். ஏனென்றால் கத்தி தீர்ப்புச் சொல்வதில்லை. இயந்திரக் கற்றல் சேர்ந்த ரேடாரோ, "இது இன்னது" என்று சொல்கிறது.

ரேடார் படங்களை இனங்காணக் கற்கும் மாணவர்களில் பலர் முதலில் எடுப்பது, 1990களில் அமெரிக்க ராணுவ ஆய்வுத் துறை தொகுத்த எம்ஸ்டார் என்னும் படத் தொகுப்பை. வழக்கமாகப் பயிற்சிக்கு எடுக்கும் பத்து வகை வண்டிகளில் பெரும்பாலானவை டாங்கிகளும் கவச வண்டிகளும். ஒரு லாரியும் ஒரு புல்டோசரும் உண்டு. பத்துப் பெயர்களை மட்டும் கற்ற இயந்திரத்திடம் பள்ளிப் பேருந்தின் படத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? தனியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று அது சொல்லாது. பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும். சில சமயம் முழு உறுதியோடு சொல்லும். அது தேர்ந்தெடுப்பது டாங்கியாக இருந்தால்?

இடிபாடுகளிலும் இதே கதைதான். "இங்கே துடிப்பில்லை" என்று கருவி தவறாகச் சொன்னால், மீட்புக் குழு உயிரோடிருப்பவரை விட்டு நகர்ந்துவிடும்.

ஆகவே ஆராய்ச்சியாளரின் பொறுப்பு, கருவி அடுத்தவர் கைக்குப் போகும்போது தொடங்குவதல்ல. அதற்கு முன்பே இருக்கிறது. எந்தப் படங்களைக் கொண்டு கற்பித்தோம், எங்கே தவறுகிறது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று பெருமையாகச் சொல்லும்போது, மீதமுள்ள ஒன்று யார் என்றும் கேட்க வேண்டும். கருவிக்குத் "தெரியாது" என்று சொல்லக் கற்பிக்க வேண்டும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தவறு குறைந்த கருவி, இன்னும் கூர்மையான ஆயுதமும்தான். எவரிடம் வேலை செய்வது, எந்த வேலையை மறுப்பது என்பதை அவரவர் மனச்சாட்சிதான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சுமையை வேறு யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பிள்ளையிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை, அவசரப்படவும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சையில் எல்லாவற்றுக்கும் விடை எழுதும் பிள்ளையைப் பாராட்டுகிறோம். "தெரியாது" என்றால் முகம் சுளிக்கிறோம். நாளை இயந்திரங்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். தெரியாததைத் தெரியாது என்று அவர்கள் சொல்லும்போது, நாம் முதலில் மகிழப் பழகுவோம்.