படைக்கல வாணிகமும் நற்சீவனமும்

பகவான் புத்தர் அருளிய அட்டாங்க மார்க்கத்தின் ஐந்தாம் அங்கம் நற்சீவனம் ஆகும். பாலி மொழியில் இதனைச் சம்மா ஆஜீவம் என்பர். பிற உயிர்களுக்குத் துன்பம் விளைக்காத தொழிலால் வாழ்தல் என்பது இதன் பொருள். அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் நிபாதத்தில், உபாசகர் மேற்கொள்ளத் தகாத வாணிகங்கள் ஐந்து என்று வரையறுக்கப்பட்டுள்ளன. படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்பதே அவ்வைந்து. இவற்றுள் படைக்கல வாணிகம் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. படைக்கலத்தைக் குறிக்கும் பாலிச் சொல்லுக்கும் உயிரைக் குறிக்கும் பாலிச் சொல்லுக்கும் ஒலியில் வேறுபாடு உண்டு. ஆனால் தமிழெழுத்தில் எழுதுங்கால் இரண்டும் ‘சத்த’ என்று ஒரே வடிவாய் நிற்கின்றன. இஃது எழுத்தின் தற்செயலே. எனினும் ஒன்றை விற்பவன் மற்றொன்றையும் விற்பவனாகக் கூடும் என்பதை நினைவூட்ட அது நமக்கு உதவும்.

துப்பாக்கிக் கடை நடத்துவோனைப் பற்றி இங்கே ஐயம் எழ இடமில்லை. ஐயம் வேறோரிடத்தில் எழுகிறது. ஒருவர் கடை வைத்திருக்கவில்லை. வேறு தொழிலால் நேர்மையாகக் குடும்பம் நடத்துகிறார். ஆனால் அழகிய பழந்துப்பாக்கிகளைச் சேர்ப்பதில் விருப்பமுடையவர். தம்மிடமுள்ள ஒன்றை விற்று, அப்பணத்தைக்கொண்டு வேறொன்றை வாங்குகிறார். அதிலும் மனம் நிறையாமல் சில ஆண்டுகள் கழித்து அதனையும் மாற்றுகிறார். இவர் படைக்கல வாணிகம் செய்தவர் ஆவாரா? திரிசரணம் புகுந்த ஒருவர் இதனைச் செய்யலாமா? இதுவே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இந்நிலம் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் ஆண்ட நிலம். புங்கனூர், கார்வேட்டிநகரம் ஆகிய பெயர்களை அறியாதார் இலர். 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மக்கள் கையிலிருந்து படைக்கலத்தைப் பறித்து, அரசு நம்பியோர் கையில் மட்டும் விட்டுவைத்தது. வேட்டை ஒரு பெருமையாகக் கருதப்பட்டது. ரேணிகுண்டாவை அடுத்த மாமண்டூர்க் காடுகளைப் பற்றி வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைப் பலர் படித்திருப்பர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டைக்கு முடிவு கட்டியது. வேட்டை போயிற்று, துப்பாக்கி பேழையில் தங்கிற்று. பயன் ஒழிந்தபின் அது ‘சேகரிப்பு’ என்னும் புதுப்பெயர் பெற்றது.

சட்டத்தின் நிலையையும் இங்கே கூறவேண்டும். இப்பொழுது நடப்பிலுள்ளது 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று 1983 ஆம் ஆண்டில் அதில் வரம்பு புகுத்தப்பட்டது. 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அவ்வரம்பை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மரபுரிமையாக வரும் துப்பாக்கிக்கும் இவ்வரம்பே பொருந்தும். மேலும் விளையாட்டு வீரர் முதலிய சிலர் நீங்கலாக ஏனையோர் அயல்நாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழி 1980களின் நடுப்பகுதியிலேயே ஏறத்தாழ அடைபட்டுவிட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. வெளியிலிருந்து புதியது வருவதில்லை. வீட்டில் இரண்டுக்கு மேல் இருக்கவும் கூடாது. ஆகவே இந்நாட்டில் வரம்பு நிரம்பிய சேகரிப்பாளர் ஒருவர் புதிதாக ஒன்றை அடைய விரும்பினால், உள்ளதில் ஒன்றை விற்றே தீரவேண்டும். வெப்ளி ஸ்காட், கிரீனர் என்னும் பெயர் பொறித்த அதே பழந்துப்பாக்கிகள் வீடு விட்டு வீடு மாறிக்கொண்டேயிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் விலை ஏறுகிறது, விருப்பமும் ஏறுகிறது. பிறவிச் சுழலைப் பற்றிப் பயின்ற நமக்கு இச்சுழலின் அச்சு எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பெயர் தண்ஹா, அதாவது வேட்கை.

இனிச் சேகரிப்பாளர் தம் பக்கத்தில் எடுத்துரைக்கும் நியாயங்களைப் பார்ப்போம்.

‘ஆஜீவம் என்பது பிழைப்பு, நான் இதனால் பிழைக்கவில்லை, ஆகவே விலக்கு என்னைத் தொடாது’ என்பது முதலாவது நியாயம். சொல்லளவில் இது சரியே. இவரை வாணிகர் என்று நாமும் சொல்லத் துணியோம். ஆயினும் எட்டு அங்கங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஓரங்கத்தின் வேலிக்கு வெளியே நிற்பதால் ஏனைய ஏழுக்கும் வெளியே போய்விட முடியாது. சேதனையே கன்மம் என்பது பகவானின் போதனை. விற்கும்பொழுது உள்ளத்தில் இருப்பது யாது, வாங்கும்பொழுது இருப்பது யாது என்று நற்சங்கற்பம் என்னும் அங்கம் கேட்கும். அக்கேள்விக்கு ‘எனக்குக் கடை இல்லை’ என்பது விடையாகாது.

‘வாங்குபவர் உரிமம் பெற்றவர், அரசே அவரை ஆராய்ந்து ஒப்பியிருக்கிறது’ என்பது இரண்டாவது நியாயம். தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை விற்பதாயின், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே விற்கலாம் என்று சட்டம் விதித்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டம் பார்ப்பது இன்றைய கையை மட்டுமே. துப்பாக்கியோ மனிதனைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையது. எண்ணெயிட்டுப் பேணினால் நூறாண்டு கழிந்தும் அது சுடும். வாங்கியவர் நல்லவராயிருக்கலாம், அவர் மகன் எத்தகையவன், அவனிடமிருந்து திருடுவோன் எத்தகையவன், கோபமும் குடியும் ஒருங்கே வந்த ஓர் இரவில் அப்பேழையின் சாவி யார் கையில் இருக்கும் என்பதை எந்த மாஜிஸ்திரேட்டும் அறியார்.

இந்நிலத்தில் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை நாம் நூல்களில் தேடவேண்டியதில்லை. 2015 ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு ஏப்ரல் 7 ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திர அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நவம்பர் 17 ஆம் நாள், சித்தூர் மாநகராட்சி அலுவலகத்திலேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார்; வெட்டுண்ட அவர் கணவர் மோகனும் உயிரிழந்தார். இத்துப்பாக்கிகள் சேகரிப்பாளரின் பேழையிலிருந்து சென்றவை என்று நாம் கூறவில்லை. ஒன்று அரசின் ஆணையால் ஏந்தப்பட்டது. மற்றொன்று பகையால் ஏந்தப்பட்டது. ஆனால் பேழையில் பட்டுத்துணி விரித்து வைத்திருக்கும் பொருளும் இதே செயலுக்காகச் செய்யப்பட்ட பொருள்தான் என்பதை மறத்தலாகாது.

‘அரிவாளும் கொல்லும், அரிவாள் விற்பதும் பாவமா?’ என்பாரும் உளர். அரிவாள் நெல்லறுக்கவும் முள்வெட்டவும் பிறந்தது. கொலை அதன் வழுவிய பயன். துப்பாக்கியோ கொல்லும் திறத்தில்தான் நிறைவு பெறுகிறது. இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது நியாயமே வலிமையுடையது. அதனை மதித்துக் கேட்போம். ‘நான் நேசிப்பது கொலையை அன்று. நேசிப்பது கைவினையை. குழலின் நேர்த்தியும், மரப்பிடியின் ரேகையும், வெள்ளியில் செதுக்கிய பூவேலையும் என்னைக் கவர்கின்றன. இவற்றில் வரலாறும் இருக்கிறது’ என்பர். இதனைப் பொய் என்று தள்ளிவிடுதல் முறையன்று. கைவினையை மதிப்பது நல்லுள்ளத்தின் இயல்பே.

ஆயின் இந்நேசத்தைச் சோதிக்க ஒரு வழியுண்டு. அவ்வழியைச் சட்டமே காட்டுகிறது. பழமையானதோ பழுதுற்றதோ ஆகி, செப்பனிட்டாலும் சுட இயலாத நிலையிலுள்ள படைக்கலம் ஆயுதச் சட்டத்தின் கட்டுக்கு உட்பட்டதன்று. அது வெறும் கலைப்பொருளாகிவிடுகிறது. ஆகவே நேசிப்பவரை நாம் கேட்போம்: உரிய அதிகாரிகளின் அனுமதியுடன் உம் துப்பாக்கியின் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடச் சம்மதிப்பீரா? பூவேலை அப்படியே இருக்கும். மரத்தின் ரேகை மாறாது. வரலாற்றில் ஓரெழுத்தும் குறையாது. சுடும் திறம் ஒன்றே நீங்கும். இதற்கு மனமுவந்து இசைபவர் மெய்யாகவே கைவினையை நேசிப்பவர். அவர் சேகரிப்பில் நமக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ‘ஐயோ, அப்படிச் செய்தால் அதன் மதிப்புப் போய்விடுமே’ என்று துணுக்குறுபவர், தாம் விலை கொடுத்தது எதற்கு என்பதைத் தாமே அறிந்துகொள்வார். அவர் நேசித்தது பூவை அன்று; பூவுக்குள் ஒளிந்திருந்த ஆற்றலை. அவ்வாற்றலைத்தான் அவர் அடுத்தவருக்கு விற்கவும் போகிறார்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் நெஞ்சில் எழும் வேறொரு கேள்வியைக் கடந்துபோதல் நேர்மையாகாது. ‘படைக்கலம் ஏந்தும் உரிமை நூற்றாண்டுகளாக நமக்கு மறுக்கப்பட்டது. ஏந்தியவர் நம்மை அடித்தனர். 1985 இல் காரம்சேடும் 1991 இல் சுண்டூரும் இதே ஆந்திர நாட்டில் நிகழ்ந்தவை. இப்பொழுது சிலர்க்கு உரிமம் கிட்டுகையில், கீழே வை என்று எம்மிடம் மட்டும் சொல்வதா?’ என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியில் குருதியின் ஈரம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995 இல் இயற்றப்பட்ட விதிகளும் இதனை அறிந்தே எழுதப்பட்டன. கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் ஏனையோரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கவும், தேவையாயின் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்கவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன.

பாபாசாகேப் அம்பேத்கர் தமது புத்தமும் தம்மமும் பற்றிய நூலில், கொல்ல வேண்டிய தேவைக்கும் கொல்லும் விருப்பத்துக்கும் வேறுபாடு காட்டுகிறார். பகவான் அகிம்சையைக் கண்மூடிய விதியாக வைக்கவில்லை, அறிவு வழிப்பட்ட நெறியாக வைத்தார் என்பது அவர் கருத்து. கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையிலும் அசோகரின் சாசனங்கள் உள்ளன. கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் மாண்டதற்காக வருந்தும் அதே அசோகர், காட்டுக் குடிகளை நோக்கித் தம்மிடம் வலிமையும் உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறார். ஆதலின் உயிரச்சத்தால் ஒரு துப்பாக்கியை வைத்திருக்கும் ஏழை உபாசகரை நாம் குற்றவாளியாக்கோம். அவர் அச்சம் நீங்குவதற்கு அரசும் சமூகமும் செய்யவேண்டியது மிகுதி. ஆனால் அவரது தேவை, ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கும் விருப்பத்துக்குப் போர்வையாகலாகாது. அச்சத்தால் வைத்திருப்பவர் அந்த ஒன்றோடு அமைவார். அதன் பூவேலையை எண்ணிப் பார்க்கவும் மாட்டார். வேட்கையால் வைத்திருப்பவரே மாற்றிக்கொண்டிருப்பார்.

அப்படியாயின், தந்தையின் துப்பாக்கி மரபுரிமையாக வந்து சேர்ந்த ஓர் உபாசகர் யாது செய்யவேண்டும்? பகவானின் போதனையில் உயிர்க்கொலை நீத்தவரைக் குறிக்குமிடத்து ஒரு சொல் வருகிறது. அச்சொல் அவரைப் படைக்கலத்தைக் கீழே வைத்தவர் என்கிறது. பிறர் கையில் கொடுத்தவர் என்றோ, நல்ல விலைக்கு மாற்றியவர் என்றோ அது கூறவில்லை. கீழே வைத்த பொருளை இன்னொருவர் எடுத்துச் சுடாதபடி செய்தலும் அதில் அடங்கும். 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் அந்நாட்டரசு மக்களிடமிருந்து ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்துப் பெற்று அழித்தது. அங்கே கொடுத்தவரும் பணம் பெற்றனர். எனினும் அதனைப் படைக்கல வாணிகம் என்று எவரும் கூறார். ஏனெனில் அத்துப்பாக்கிகளின் பயணம் அத்தோடு முடிந்தது. ஆகவே பணம் பெற்றோமா இல்லையா என்பதைவிட, நம் கையை விட்டகன்ற படைக்கலம் அடுத்து எங்கே போகிறது என்பதே பெரிதாகப் பார்க்கத்தக்கது.

அலிபிரியில் நின்று பார்த்தவர் அறிவர். மலையேறும் வண்டிகளைச் சோதித்து, மது, புகையிலை, இறைச்சி, படைக்கலம் ஆகியவற்றை மேலே விடுவதில்லை. பகவான் விலக்கிய ஐந்தில் மூன்று அப்பட்டியலில் இருக்கக் காண்கிறோம். ஆனால் அத்தடை மலைக்கு மட்டுமே. கீழே இறங்கியபின் அவரவர் பழக்கம் அவரவர்க்கு. உபாசகரின் சீலத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்று, மறுநாள் வெப்ளிக்கு விலை பேசுதல் அவர்க்குப் பொருந்தாது.

மரபுரிமையாகத் துப்பாக்கி பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. அதனை விற்று வேறொன்று வாங்க எண்ணாதீர். உயிரச்சம் இல்லையாயின் உரிமை துறந்து அரசிடம் ஒப்படையுங்கள்; அல்லது முறைப்படி அதன் வாயை அடைத்து, நினைவுப் பொருளாக வீட்டிலோ காட்சிசாலையிலோ வையுங்கள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மணிமேகலை சோழ மன்னனை வேண்டினாள். கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை, அதன் தொழிலை மாற்றச் சொன்னாள். நம் பேழையிலுள்ள இரும்புக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது. விற்றே ஆகவேண்டிய நெருக்கடி வந்தவர்கள், சட்டம் விதித்த அந்த 45 நாட்களை அதிகாரிகளுக்கு மட்டும் விட்டுவிடாமல் தங்களுக்கும் எடுத்துக்கொள்ளட்டும். நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து, இப்பொருள் யார் கைக்குப் போகிறது, வரும் பணம் எதற்குப் போகிறது என்று இரண்டையும் சிந்திக்கட்டும். அப்பணம் இன்னொரு துப்பாக்கிக்குப் போகாமல் ஒரு குழந்தையின் படிப்புக்குப் போகுமானால், அந்த வீட்டளவிலேனும் அச்சுழல் நின்றுவிடும்.