விதியின் மேல் பழி போடலாமா?

புகையிரதக் கடவையில் ஒருவர் அடிபட்டு மாண்டால் மரணவீட்டில் முதலிற் கேட்பது 'விதி' என்னும் சொல்லே. துயரத்தில் ஆறுதலுக்காகச் சொல்வதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் கத்தோலிக்கர் அதனோடு அமைந்துவிடலாமா?

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி, பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரைக் கடவையில் எச்சரிக்கையையும் மீறிக் கடக்க முனைந்த பஸ் வண்டியொன்று புகையிரதத்தில் மோதுண்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரைந்து வரும் புகையிரதம் நினைத்தவுடன் நிற்பதில்லை. தடுப்பைப் போட்டபின்னும் பல நூறு மீற்றர் ஓடியே நிற்கும். தண்டவாளத்தை விட்டு விலகவும் அதனால் இயலாது. நிற்கக்கூடியவன் வீதியில் வருபவனே. அந்தச் சுயாதீனத்தை அவனுக்கு அளித்தவர் இறைவன். சுயாதீனம் உள்ள இடத்தில் விதியைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

மாண்டவர்கள் தங்கள் பாவத்துக்குத் தண்டனை பெற்றார்கள் என்பதும் தவறு. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களிலும் பெரிய பாவிகளல்லர் என்பதை நம் ஆண்டவரே தெளிவுபடுத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சாரதியை நம்பி ஏறியவர்கள்.

நம்மவர் வாகனங்களில் மடு மாதாவின் படம் இருக்கிறது. சிலுவை அடையாளமிட்டே புறப்படுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் மாதா காப்பாள் என்று மூடிய கடவையைச் சுற்றி ஓடுவது விசுவாசமாகாது. தேவாலய உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு தூண்டியபோது, கிறிஸ்து நாதர் மறுத்தது இத்தகைய துணிச்சலையே.

வேகக் கட்டுப்பாட்டை அற்பமாக எண்ணுவோர் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிக்கின்றனர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், வெறியாலும் வேகமோகத்தாலும் வீதியில் உயிர்களை ஆபத்துக்குள்ளாக்குவதை ஐந்தாம் கற்பனையின் கீழ் கனமான குற்றமாகக் கூறுகிறது. பூசைக்குப் போகாததையும் பொய் சொன்னதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம். கடவையில் காட்டிய துணிச்சலைச் சொல்வோர் எத்தனை பேர்?

பொறுப்பு சாரதியோடு முடிவதுமில்லை. 'கெதியாய் விடு' என்று பின்னாலிருந்து நெருக்குபவருக்கும், நேரத்துக்கு வராவிட்டால் கூலியை வெட்டும் முதலாளிக்கும் அதில் பங்குண்டு. வடபகுதியில் 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணம் திரும்பியபோது, அதைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. கடவைகள் பலவற்றிலே தடுப்புப் படலை இருக்கவில்லை. பொலிஸ் திணைக்களத்தின் கீழ் கடவைகளைக் காத்து நின்றவர்கள் நாளொன்றுக்கு 250 ரூபாவே கிடைக்கிறதென்று போராட வேண்டியிருந்தது. உயிரைக் காப்பவனுக்கு நியாயமான கூலி கொடாத சமூகமும் ஐந்தாம் கற்பனைக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஆதலால் கடவையிலே நிற்போம். இருபுறமும் பார்த்துக் கடப்போம். படலையில்லாத கடவைக்குப் படலை கேட்போம். அயலானை நேசிப்பதற்கு அங்கே தேவைப்படுவது ஒரு நிமிடப் பொறுமையே. அதை மறுத்துவிட்டுப் பின்னர் விதியின் மேல் பழி போடாதிருப்போமாக.