நன்னீரின் விலையும் மதிப்பும்

ஒரு பொருளின் மதிப்பை அதன் விலையே காட்டும் என்பது அங்காடியின் நியதி. அங்காடிக்கு வாராதவற்றையும் இந்நியதி கொண்டு அளத்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

உரும்பிராயின் செம்மண் தோட்டங்கள் செழிப்பது கிணற்று நீரினாலேயாகும். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் படுகை தேக்கிவைக்கும் மழைநீரே பெரும்பாலும் குடிநீரும் பாசனநீருமாம். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் குறிக்கப்படுதலால் நீரிறைக்கும் உரிமைக்கு விலையுண்டு. ஆயின் அந்நீர் தூயது என்னும் நம்பிக்கைக்கு எவ்வுறுதியிலும் விலை குறிக்கப்படுவதில்லை. அயலிலுள்ள சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. நீர் கெட்டபோது அதன் இழப்பைத் தொகையாக்கும் தேவையும் எழுந்தது.

இத்தகைய இழப்பை அளக்கப் பொருளியலார் கையாளும் வழிகளுள் ஒன்று, மக்களையே வினவுதலாகும். 1989இல் எக்ஸொன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெய் சிந்தியபின், அத்தகைய கேடு மீண்டும் நேராது தடுக்க எவ்வளவு வரி செலுத்துவீர் என அமெரிக்கக் குடும்பங்களிடம் வினவப்பட்டது. அவ்விடைகளிலிருந்து 280 கோடி டொலர் என்னும் மதிப்பீடு பெறப்பட்டது. கெனத் அரோ, றொபேட் சொலோ ஆகியோர் தலைமையிலான குழு, செவ்வனே நடத்தப்படும் இவ்வகை ஆய்வு நீதிமன்ற விசாரணைக்குத் தொடக்கமாகலாம் என 1993இல் உரைத்தது.

எனினும் வினாவின் வடிவமே விடையை மாற்றும். தூய நீருக்கு எவ்வளவு கொடுப்பீர் என வினவின், நாட்கூலியாளர் தம் கைப்பொருளை நோக்கியே விடை கூறுவர். உமது கிணறு கெடுவதற்கு எவ்வளவு பெறுவீர் என வினவின், எத்தொகைக்கும் இசையேன் எனலும் கூடும். முன்னையது நீரை அவர் வாங்கவேண்டிய பொருளாகக் கொள்கிறது; பின்னையது அவரது உரிமையாகக் கொள்கிறது. எவ்வினாவைத் தொடுப்பது என்பது வெறுங் கணக்கன்று. உரிமை யாருடையது என்னும் அறவினாவாகும். சாதியின் பெயராற் கிணற்றில் நீரள்ளும் உரிமை மறுக்கப்பட்டோரின் வரலாறும் இக்குடாநாட்டுக்கு உண்டு. அவர்கள் கொடுக்கக்கூடிய தொகை சிறிதாயிருந்தமையால் அவர்தம் தாகமும் மானமும் சிறியனவாகுமா?

இதனால் தொகையே வேண்டாவென ஒதுக்குதலும் பொருந்தாது. தொகை குறிக்கப்படாத இழப்பு, வழக்கேட்டில் இழப்பே இல்லையெனக் கொள்ளப்படும். நேர்ந்த கேட்டுக்கு ஈடு செய்விக்கத் தொகை வேண்டும். இனிச் செய்யவிருக்கும் கேட்டுக்கு அதனையே அனுமதிச் சீட்டாக நீட்டுதல் அறமன்று. நிலத்தடி நீர் வேலி அறியாது. ஒருவர் இசைந்து பெறும் பணம், கேட்கப்படாத அயலவரின் கிணற்றையும் விற்பதாகிவிடும்.