ஒரு சொல்லும் ஆயிரம் செவிகளும்

சிலப்பதிகாரத்தைப் படித்த எவர் நெஞ்சிலும் ஆறாத வடுவாக நிற்பது பாண்டிய மன்னனின் அந்த ஓர் ஆணை. பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் நம்பிக் கோவலனைக் கொல்லும்படி அவன் பணித்தான். ஆயினும் காப்பியத்தின் அந்தப் பகுதியை ஊன்றிப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். ஆணையை நிறைவேற்றச் சென்ற காவலர் உடனே வாளை ஓங்கிவிடவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்தம் ஐயத்தைப் போக்க வேண்டியிருந்தது. ஆணைக்கும் செயலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் மனிதரின் மனச்சான்று ஒரு கணம் பேசியது. அது தோற்றது உண்மையே. ஆயினும் அது பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் முற்றிலும் இல்லாமற் போன ஒரு பணியைப் பற்றி இங்குச் சிந்திக்க விழைகிறோம். நம் இல்லங்களில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் பலர் நாள்தோறும் செய்யும் பணிதான் அது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, இரயில் பயணச்சீட்டு என நாம் பயன்படுத்தும் யாவும் இன்று எங்கோ குளிரூட்டப்பட்ட கூடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் ‘சர்வர்’ எனப்படும் கணிப்பொறிகளில் தங்கியுள்ளன. அவற்றைப் பேணுவோர் அங்குச் செல்வதில்லை. தம் மேசையிலிருந்தே ஒரு வரியைத் தட்டச்சு செய்கின்றனர். அவ்வரி ஐம்பது கணிப்பொறிகளுக்கோ ஐயாயிரம் கணிப்பொறிகளுக்கோ ஏறத்தாழ ஒரே வேளையில் சென்று சேர்கிறது. அவை கேள்வி கேட்பதில்லை; தயங்குவதுமில்லை.

இத்தொடர்பு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதையும் அறிவது நலம். முன்னாளில் ‘டெல்நெட்’ போன்ற முறைகளில் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பும் கடவுச்சொல் உறையிடாத அஞ்சலட்டைபோலத் திறந்த நிலையிலேயே சென்றது. இடைவழியில் ஒட்டுக் கேட்போர் அதை எளிதில் கவர முடிந்தது. 1995-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவுபோன பின்னர், அங்கு ஆய்வாளராயிருந்த டாட்டு யுலோனென் என்பார் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் பாதுகாப்பான முறையை வகுத்தார். இதில் செய்தி முழுவதும் மறைகுறிகளாக மாற்றப்பட்டே செல்லும். கடவுச்சொல்லுக்கு மாற்றாக ஓர் இரட்டைத் திறவுகோலையும் பயன்படுத்தலாம்: ஒன்றை எவரும் அறியலாம்; மற்றதை உரியவர் மட்டுமே வைத்திருப்பார். இவ்வழியின் மேல் பலவகைக் கருவிகள் எழுந்தன. 2012-இல் மைக்கேல் டிஹான் என்பார் உருவாக்கிய ‘ஆன்சிபிள்’ அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தால், அது கணிப்பொறி ஒவ்வொன்றிற்கும் சென்று அவற்றை நிறைவேற்றும்.

இங்கே முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். பாதை பாதுகாப்பானது என்பதால் அதன் வழியே செல்லும் சொல் நல்லதாகிவிடாது. அயலான் இடைமறிக்காதபடி காப்பது எஸ்.எஸ்.எச். நாமே தவறாகச் சொல்லாதபடி காப்பது அதன் வேலையன்று. நம்முடைய பிழையையும் அது அதே நம்பகத்துடன், ஓர் எழுத்தும் சிதையாமல், கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்தது இதற்குச் சான்று. அமேசான் நிறுவனத்தின் ‘எஸ்-3’ என்னும் தரவுச் சேமிப்புப் பணியில், உரிய அதிகாரம் பெற்ற ஊழியர் ஒருவர், வகுக்கப்பட்ட நடைமுறைப்படியே, சில சர்வர்களை மட்டும் நீக்குவதற்கான கட்டளையை இட்டார். அதில் ஒரு விவரம் பிழையாகப் பதிந்தது. சில நீங்க வேண்டிய இடத்தில் மிகப் பல நீங்கின. அப்பணியைச் சார்ந்திருந்த எண்ணற்ற வலைத்தளங்கள் நான்கு மணி நேரத்திற்கும் மேலாகத் தடுமாறின. அவர் அத்துமீறியவர் அல்லர், பகைவரும் அல்லர். தம் பணியைச் செய்துகொண்டிருந்தவர்.

மிகுதியால் வரும் கேடு இது. விடுபட்ட ஒன்றால் வரும் கேடும் உண்டு. 2012 ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை நிறுவியிருந்தது. ஆனால் எட்டில் ஒன்று விடுபட்டுப்போனது. அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, விரும்பாத பங்குகளை வாங்கியும் விற்றும் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பை ஏற்படுத்திற்று. அப்பணியை இரண்டாம் ஒருவர் சரிபார்க்கவில்லை என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர்ச் சுட்டிக்காட்டியது. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உவமை கனிவைப் பற்றியது என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். நூறு ஆடுகளையும் எண்ணிப் பார்த்தவன்தானே ஒன்று குறைந்ததை அறிந்திருக்க முடியும்? எண்ணிப் பார்ப்பதும் அன்பின் ஒரு செயலே.

இத்தகைய நிகழ்வுகளில் கட்டளையிட்டவர் குற்றவாளியா? இக்கேள்விக்கு நம் மறையின் அறநெறி அவசரப்பட்டு விடை கூறுவதில்லை. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் கற்றோம். விரல் தவறியது பாவமன்று. ஆயினும் ‘தெரியாமல் நடந்தது’ என்ற சொல்லோடு யாவும் முடிந்துவிடுவதுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர், தெரிந்துகொள்ளக் கூடியவர், அதைச் செய்யாமல் விட்டிருந்தால்? திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்தவற்றுக்காக மட்டுமா வருந்துகிறோம்? செய்யாமல் விட்டவற்றுக்காகவும் அன்றோ நெஞ்சில் அறைந்துகொள்கிறோம்!

புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் புண்ணியத்தை ஆராயுமிடத்தில் அதற்கு மூன்று செயல்களைக் கூறுகிறார்: ஆலோசித்தல், தீர்மானித்தல், கட்டளையிடுதல். இவற்றுள் தலையாயது கட்டளையிடுதலே என்பது அவர் முடிபு. நமக்கு இது வியப்பளிக்கலாம். கட்டளை என்றால் அதிகாரத்தின் வெளிப்பாடு என்று நாம் நினைக்கிறோம். அவரோ அதை அறிவின் செயலாகக் காண்கிறார். ஆலோசனையைத் தாண்டிக் குதித்துவிடும் பதற்றத்தை விவேகத்திற்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாகவும் அவர் வைக்கிறார். ஆயிரம் கணிப்பொறிகளுக்குக் கட்டளையிடுவோர்க்குப் பதற்றம் ஏன் எளிதில் வருகிறது? அவருடைய உடல் அவருக்கு எதையும் உணர்த்துவதில்லை என்பதே காரணம். நூறு மூட்டை சுமப்பவனுக்கு அவன் தோள் நூறு முறை சொல்லும். ஒன்றுக்கு இடும் கட்டளைக்கும் ஆயிரத்துக்கு இடும் கட்டளைக்கும் விரலின் உழைப்போ ஒன்றே. தோள் சொல்லாததை மனச்சான்றுதான் சொல்லியாக வேண்டும்.

‘இவ்வாறு தயங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?’ என்று நம் இளைஞர் கேட்பர். கேட்பது முறையே. பாதுகாப்பில் ஓர் ஓட்டை கண்டால் ஆயிரம் கணிப்பொறிகளிலும் அதை விரைந்து அடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சென்று அடைப்பவர் களைப்பில் சிலவற்றை விட்டுவிடுவார். தாமதமும் தீங்கு செய்யும். அச்சத்தால் தாலந்தைப் புதைத்து வைத்தவனை ஆண்டவர் பாராட்டவில்லையே. எனவே விவேகம் என்பது செயலற்றிருப்பது அன்று. இத்தொழிலில் தேர்ந்தோர் கைக்கொள்ளும் வழிகளைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் எதையும் மாற்றாமல் என்ன நிகழும் என்று ஒத்திகை பார்க்கின்றனர். பின்பு ஒன்றில் செய்து பார்த்து, அதன்பின் சிலவற்றில், இறுதியில் அனைத்திலும் செய்கின்றனர். வேறு கட்டளை தராவிடில் ஆன்சிபிள் கருவியும் ஒரு வேளையில் ஐந்து கணிப்பொறிகளோடு மட்டுமே உரையாடும். அமேசான் நிறுவனமும் அந்நிகழ்வுக்குப்பின், சர்வர்கள் மெதுவாகவே நீங்கும்படியும், குறைந்த அளவுக்குக் கீழே போகாதபடியும் தன் கருவியைத் திருத்தியது. பாண்டியனின் காவலர்க்கு இயல்பாக வந்த தயக்கத்தை மனிதர் இங்கே வேண்டுமென்றே அமைத்துக்கொள்கின்றனர்.

தவறிய பின் நடந்துகொள்ளும் முறையும் அறத்தைச் சார்ந்ததே. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இரு சர்வர்களுள் எதில் இருக்கிறோம் என்று மயங்கி, ஏறத்தாழ 300 ஜி.பி. அளவுள்ள தரவுத்தொகுதியை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது எஞ்சியது 4.5 ஜி.பி. மட்டுமே. காப்புப் படிகளை நாடியபோது அவற்றுள் பல நெடுநாளாகவே சரியாக இயங்காதிருந்தது தெரியவந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படியால்தான் மீள முடிந்தது. அந்நிறுவனம் ஊழியரைப் பலிகடா ஆக்கவில்லை. நடந்தது அனைத்தையும் வெளியிட்டது. மீட்புப் பணியையும் உலகம் காண ஒளிபரப்பியது. இறுதியாக விரல் வைத்தவர் ஒருவர். காப்புப் படிகளைச் சோதிக்காமல் விட்டவர்களோ பலர். உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் பிறரும் கற்றுக்கொள்ள முடிந்தது. பாவசங்கீர்த்தனத்தின் அருமை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இவ்வேளையில் கப்பர்நாகும் ஊரின் நூற்றுவர் தலைவர் நம் நினைவுக்கு வருகிறார். தொலைவிலிருந்தே சொல்லும் ஒரு சொல்லால் தம் பணியாளர் நலமடைவார் என்று நம்பியவர் அவர். நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் சொல்லும் மன்றாட்டு அவர் வாய்மொழியிலிருந்து பிறந்ததே. ஆண்டவர் வியந்த அவருடைய நம்பிக்கையில் ஒரு நுட்பம் உள்ளது. தமக்குக் கீழே வீரர் இருப்பதைக் கூறுமுன், தாமும் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்பதை அவர் கூறுகிறார். நூறு பேருக்கு ஆணையிடும் அவர் அன்று வந்ததோ ஒரே ஒரு பணியாளருக்காக.

கணிப்பொறித் துறையிலும் ‘ரூட்’ என்று ஒரு பயனர் உண்டு. அவரை எதுவும் தடுக்காது. எனவேதான் எவரும் நேராக அப்பெயரில் நுழையக் கூடாது என்பது நல்லோர் வழக்கம். தம் சொந்தப் பெயரில் நுழைந்து, தேவையான ஒரு செயலுக்கு மட்டும் அவ்வதிகாரத்தைக் கடனாகப் பெற வேண்டும்; அது பதிவேட்டிலும் ஏற வேண்டும். தனக்கு மேல் எவருமில்லை என்று எண்ணுபவரிடம் ஆயிரம் செவிகளை ஒப்படைக்கலாகாது என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

இது அவர்களுக்கு மட்டுமான பாடம் என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று கைப்பேசி உள்ளது. கேட்டதை ஒரு தொடுகையில் பல குழுக்களுக்கு அனுப்புகிறோம். குழந்தை கடத்துவோர் என்ற வதந்தி பரவியதால் நம் நாட்டில் அப்பாவிகள் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின்னரே 2018-இல், ஒரு செய்தியை ஒரு வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. அச்செய்திகளை அனுப்பியவருள் பெரும்பாலோர் பிறரை எச்சரிக்கும் நல்லெண்ணத்துடனேயே அனுப்பியிருக்கக் கூடும். பொற்கொல்லனை நம்பிய மன்னனும் நீதி செய்வதாகவே எண்ணினான்.

கருவி இடும் வரம்பு ஐந்தோடு நிற்கும். அதற்குமுன் நம் நெஞ்சில் ஒரு வரம்பு வேண்டும். இச்சொல் மெய்யா, இது யார்யாரைச் சென்றடையும், தவறானால் அதைத் திரும்பப் பெற நம்மால் இயலுமா என்று விரலை ஒரு கணம் நிறுத்தி நம்மையே கேட்டுக்கொள்வோம். இரவு செபத்தில் மனச்சான்றை ஆய்வு செய்யும்போது, நேரில் பேசிய சொற்களோடு, அன்று நாம் முகம் காணாதவர்க்கு அனுப்பிய சொற்களையும் ஆண்டவர் திருமுன் எடுத்துவைப்போம்.