மண்ணைக் கிளறுவதில் பாவம் உண்டா?

உழவைப் போற்றிய இந்த நாட்டிலேயே உழவைக் கண்டு அஞ்சிய மரபுகளும் இருந்தன. இரும்பு முனை பூட்டிய ஏர் நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் வதைக்கிறது என்கிறது மனுஸ்மிருதி. பிக்கு மண்ணைத் தோண்டுவதையும் பிறரைத் தோண்டச் சொல்வதையும் பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயம் குற்றமாக வைத்தது. நிலத்தைக் கீறிப் பிழைப்பதை இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாகச் சமண நூல்கள் எண்ணின. ஆனால் மக்களுக்கு உழவைக் கற்பித்தவர் முதல் தீர்த்தங்கரரான ரிஷபர் என்பதும் சமணர் நம்பிக்கைதான். இந்த இழுபறி, வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து சென்ட் தோட்டத்துக்கு மண்ணைக் கிளறும் மினி டில்லர் வாங்கலாமா என்று யோசிப்பவரையும் விடுவதில்லை.

இதிலிருந்து மீளும் வழி சமண அறிஞர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது. கவனமின்மையால் உயிரைப் பறிப்பதே இம்சை என்பது அதன் இலக்கணம். அதை அளவுகோலாகக் கொண்டால், எத்தனை உயிர் போனது என்பதோடு, போகாமல் தடுத்திருக்க முடியுமா என்பதும் கேள்வியாகிறது. மண்வெட்டி ஒரு நேரத்தில் ஓரிடத்தை மட்டுமே வெட்டும். புழு நெளிந்தால் கண்ணில் படும், கை நிற்கும். டில்லரின் சுழலும் கத்திகளோ ஒரே கட்டியைப் பலமுறை அடிக்கும். மூடியும் இரைச்சலும் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். அறுந்த மண்புழு இரண்டாகப் பிழைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. மனிதன் ஏர் பிடிக்கும் முன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்களே என்று டார்வின் 1881இல் எழுதினார். அவை தோண்டி வைத்த காற்று வழிகளும் நீர் வழிகளும் கத்தி பட்டதும் தூர்ந்துபோகும்.

எதைத் தின்றாலும் எங்கோ ஓர் உயிர் போகிறதே என்பார்கள். உண்மைதான், அதனால்தான் இல்லறத்தார் வேண்டுமென்றே செய்யும் கொலையை அறவே விடவும், வாழ்வதற்காக நேரும் இம்சையைக் குறைக்கவும் சமணம் சொன்னது. தவிர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது என்பதற்காகத் தவிர்க்கக்கூடியதையும் செய்துவிட முடியாது. முதுகுவலிக்காரரும் முதியவரும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி இன்னும் வலுவானது. அவர்களுக்கு இயந்திரம் சோம்பல் அல்ல, தேவை. கட்டட வேலையில் இறுகிப்போன மனைக்கும் முதல்முறை அது வேண்டியிருக்கலாம். இந்த வாதமே வேளாண் யோசனைக்குப் பூசிய அறச்சாயம் என்று சிலர் சொல்லக்கூடும். ஓயாமல் கிளறினால் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகும், கோரைக்கிழங்கும் அருகும் துண்டாகித் தோட்டமெங்கும் பரவும் என்பவை லாபக் கணக்குகள்தாம். ஆனால் இந்த நட்டங்கள் இல்லாத நிலத்திலும் வீணாக வதைப்பது தவறாகவே இருக்கும். லாபமும் அறமும் இங்கே சேர்ந்து வருவது நல்வாய்ப்பு, அவ்வளவே.

ஆகவே டில்லரைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனுக்கு முன்னால் தேவையைப் பார்க்க வேண்டும். பிடித்த மண் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில், ஆழம் குறைத்து, ஒரே ஓட்டமாக ஓட்டினால் போதும். பிறகு மூடாக்கும் தொழுவுரமும் மண்ணைப் பார்த்துக்கொள்ளும். உழுவதைவிட எரு இடுவது நன்று என்பது வள்ளுவரின் கணிப்பும்கூட. வருடத்தில் ஒருநாள் வேலைக்கு விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே நல்லது. கொட்டகையில் நிற்கும் இயந்திரம் தனக்கென வேலை தேடும்; தேவையில்லாத ஓட்டம் அங்கேதான் தொடங்குகிறது. கொல்லாமையோடு உடைமைக்கு வரம்பு கட்டுவதையும் சமணம் இல்லற விரதமாக வைத்ததற்கு, ஐந்து சென்ட் தோட்டத்திலும் பொருள் இருக்கிறது.