எனக்கு என்னா, நல்லாத்தான் இருக்கன்

நைனார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட முதல் கேள்வி இது: "உங்க உடம்பு பொதுவா எப்படி இருக்கு ஆயா?" கையிலிருந்த படிவத்தில் அதற்கு ஐந்து பதில்கள் அச்சடித்திருந்தன. மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். ஆயா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எனக்கு என்னா, நல்லாத்தான் இருக்கன்." 'நன்று' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் அவர் விரலில் ஊசி குத்திப் பார்த்தோம். கருவி 286 என்று காட்டியது. அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, 'அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு அவரிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை மடித்து ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அன்று முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் ஆறு இருந்தன.

நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. களைவெட்டு குத்திய புண் ஆறவே இல்லையாம். அந்தச் சீட்டு அதே உறையில் இருந்தது. "நீ குடுத்த சீட்டு பத்திரமா வச்சிருக்கன் பாப்பா" என்று எடுத்துக் காட்டினார். அவர் குறை சொல்லவில்லை. என்னால்தான் அன்று அந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. ஆயா 'நல்லாத்தான் இருக்கன்' என்றார். கருவி 286 என்றது. நான் எதை நம்பியிருக்க வேண்டும்?

இது கேட்பதற்கு எளிய கேள்வி போலத் தெரியும். கருவியைத்தான் என்று மருத்துவர் சொல்லிவிடுவார். ஆனால் பெண்ணியம் படித்தவர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதை நம்புங்கள் என்றுதானே இத்தனை காலம் போராடி வந்திருக்கிறோம்? வலிக்கிறது என்று அவள் சொன்னபோது 'எல்லாம் மனப்பிரமை' என்று திருப்பி அனுப்பியவர்களோடு சண்டை போட்டவர்கள் நாம். இப்போது அவளே வலியில்லை, நோயில்லை என்று சொல்லும்போது, 'உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இதே புதிர் 80 வருடங்களுக்கு முன்பே ஓர் ஆய்வில் வந்திருக்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடமான 1944இல், கல்கத்தாவில் இருந்த அகில இந்திய சுகாதார நிறுவனம் சிங்கூர் பகுதியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். பஞ்சம் முடிந்த வங்காளத்தில், விதவைகளைவிட ஆரோக்கியமானவர்கள் யாருமில்லை என்று ஆகிவிடுகிறது அந்தக் கணக்கு! ஜோசலின் கிஞ்சும் அமர்த்தியா சென்னும் 1983இல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துப் பேசினார்கள். ஒருவர் தன் நிலையைப் பற்றிச் சொல்லும் திருப்தியை வைத்து மட்டும் அவருடைய நல்வாழ்வை அளக்க முடியாது என்பது சென் தொடர்ந்து வலியுறுத்திய வாதம். எதிர்பார்க்கவே அனுமதிக்கப்படாதவர் ஏமாற்றத்தையும் சொல்ல மாட்டார்.

அதை ஏற்கிறேன். ஆனாலும் எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. அந்த விதவைகளுக்குத் தங்கள் நிலை புரியவில்லை என்ற தொனி அதில் எளிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆயாவை எனக்குத் தெரியும். புரியாதவர் அல்ல அவர். மரவள்ளிக் கிழங்கைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவார். மழை எந்தப் பக்கம் திரும்பும் என்று கல்வராயன் மலையைப் பார்த்துச் சொல்லுவார். தன் உடம்பைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எப்படி நம்புவது?

பிறகுதான் புரிந்தது. அவர் பொய்யும் சொல்லவில்லை, அறியாமையிலும் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி வேறு, அவர் பதில் சொன்ன கேள்வி வேறு. நான் கேட்டது உடம்பின் நிலையை. அவர் சொன்னது, 'என் வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன், யாருக்கும் பாரமாக இல்லை' என்பதை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு 'உடம்பு சரியில்லை' என்றால், அவள் படுத்துவிட்டாள் என்று பொருள். நடமாடுகிறவரைக்கும் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருடக்கணக்கில் ஆளைப் படுக்கவிடாமலே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் நோய்கள். பெண்ணுக்குச் சமூகம் வகுத்துக் கொடுத்த ஆரோக்கியத்தின் இலக்கணத்துக்குள் இந்த நோய்கள் கச்சிதமாக ஒளிந்துகொள்கின்றன.

சரி, ஆராய்ச்சியாவது அவளைத் தேடி வந்ததா?

சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா என்று தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தாலே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. பெரிய சாதனைதான். அதில் பங்கேற்றவர்கள் 531 பேர். ஆண்கள் 421, பெண்கள் 110. அடுத்து, செல்பேசிக் குறுஞ்செய்தி மூலம் ஆலோசனை அனுப்பி நோயைத் தடுக்கலாமா என்று பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் 537 பேர். அத்தனை பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். அமெரிக்காவில் இதே கேள்வியைக் கேட்டு 2002இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். ஆகவே பெண்களைச் சேர்க்க முடியாது என்பதல்ல.

யாரும் திட்டமிட்டுப் பெண்களை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்திலும் தொழிற்கூடத்திலும் ஆட்களைச் சேர்ப்பது எளிது. வருகைப் பதிவேடு இருக்கிறது, கையில் செல்பேசி இருக்கிறது, மூன்று வருடம் கழித்தும் அதே இடத்தில் கண்டுபிடிக்கலாம். கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கும் பெண்ணை எந்தப் பதிவேட்டில் தேடுவது? ஆனால் நேர்மையான காரணங்கள் சேர்ந்தும் அநீதியான முடிவு வரலாம். எளிதாகக் கிடைப்பவர்களின் உடம்பில் கண்டுபிடித்த ஆலோசனை, கிடைக்காதவளின் வீட்டுக்கும் அப்படியே வந்து சேர்கிறது: 'தினமும் அரை மணி நேரம் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அரிசியைக் குறையுங்கள்.'

இந்த நோய்களுக்கு 'வாழ்க்கைமுறை நோய்கள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. முறை என்றால் நாமே தேர்ந்தெடுத்தது. எனவே நோயும் நாமே தேடிக்கொண்டது. 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிடுவது ஒரு நாளில் 299 நிமிடம். அப்படிச் செய்கிற ஆண்களுக்கு அது 97 நிமிடம். அந்த 299 நிமிடத்துக்கு மேல் களையெடுப்பு, மாடு, நூறு நாள் வேலை. இதில் எங்கிருந்து அவள் அரை மணி நேரத்தை எடுப்பாள்? எடுத்தாலும், வேலையில்லாமல் தெருவில் கைவீசி நடக்கிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும்? அரிசியைக் குறைக்கச் சொல்கிறோம். 2011இலிருந்து ரேஷனில் இலவசமாகக் கிடைப்பது அரிசிதான். மலைமேல் விளைந்த சாமையும் தினையும் இன்று கடையில் ஆரோக்கிய உணவாக, அவள் வாங்க முடியாத விலையில் இருக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடு என்கிறோம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சுவது எதுவோ, எப்போதோ, அதுதான் அவள் உணவும் நேரமும். குழம்பு தீர்ந்திருக்கும், காய் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் இருக்கும்.

2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது சிறிய விஷயமல்ல. கணவனிடம் பஸ் காசு கேட்க வேண்டிய அவமானம் ஒன்று குறைந்தது. ஆனால் மாத்திரை வாங்கும் வரிசையில் போகும் அரை நாள் கூலியை எந்தப் பேருந்தும் திருப்பித் தராது. தேர்வு இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் சுமத்துவது அறமா?

ஆராய்ச்சி பெண்ணைக் கவனித்த இடம் ஒன்று உண்டு. அது கருப்பை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலியரின் மேற்பார்வையில், பிறந்த குழந்தைகளின் எடையைப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்று காட்டினார். அறிவியலில் அது பார்க்கர் கருதுகோள். பேரேட்டை எழுதியவர்களின் பெயரைச் சிலரே அறிவார்கள். நம் நாட்டில் 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் ச. யாஜ்னிக் குழு தொடங்கிய ஆய்வு, இந்தியக் குழந்தைகள் ஒல்லியாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தாயின் ஊட்டச்சத்து பிள்ளையின் வருங்கால நோயைத் தீர்மானிக்கிறது என்பது முக்கியமான உண்மை. என் பயமெல்லாம் அந்த உண்மையை நாம் வாசிக்கும் விதத்தைப் பற்றியது. 'தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் பிள்ளை' என்று எழுதுகிறோம். 'ஏனென்றால் அவள்' என்று எழுத ஏன் கை வருவதில்லை? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை, மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையின் முடிவைக்கூட உயர்த்திக் காட்டக்கூடியது. பசி அவளுடைய அளவுகோலையும் விட்டு வைப்பதில்லை.

2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், ரத்தக்கொதிப்பு இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் இருப்பவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. ஆண்களுக்கும் சேர்த்த கணக்கு இது. ஆண்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நான் வாதாடவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்த்து, மாத்திரையும் வாசலுக்கே வருகிறது. அரை நாள் கூலியை இழக்கும் பெண்ணின் கணக்கைப் புரிந்துகொண்ட திட்டம் இது. ஆயாவுக்கு இப்போது மாத்திரை அப்படித்தான் வருகிறது. விரல்கள் போன பிறகு.

அந்த மாத்திரையைக் கொண்டு வருபவரும் ஒரு பெண்தான். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் இவர்கள். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பேரேட்டிலிருந்து நைனார்பாளையம் வரை, பொதுச் சுகாதாரம் பெண்களின் கால்களால்தான் நடந்து வந்திருக்கிறது. ஊரின் ரத்த அழுத்தத்தை எல்லாம் குறித்து வைக்கிற ஒரு அக்காவிடம், "உங்களுது எவ்ளோக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். "அத யாரு பாக்கறா? எனக்கு என்னா, நல்லாத்தான் இருக்கன்."

மீண்டும் அதே வாக்கியம்.

2024 ஜூனில் எங்கள் மாவட்டத்தில் கருணாபுரம் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நாடே திரும்பிப் பார்த்தது, பார்க்கத்தான் வேண்டும். ஒரே இரவில் வரும் சாவு ஒரு செய்தி. இருபது வருடமாக ஒரு பெண்ணின் காலிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் சாவுக்குச் சாட்சி, ஆய்வுப் படிவம் மட்டும்தான். அதனால்தான் அந்தப் படிவத்தோடு போகிறவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்கிறேன்.

என்ன கடமை? என் முதல் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த பதில் இதுதான். ஆயாவின் சொல்லுக்கும் கருவியின் எண்ணுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்று நினைத்ததே என் தவறு. அவர் சொன்னதை நம்பியிருக்க வேண்டும்; நம்புவதென்றால், அது எந்த நிலையிலிருந்து சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்பது. நோயாளியாக இருப்பதற்கு நேரமும் காசும் மாற்று ஆளும் இல்லாதவருக்கு, நோய் இருப்பதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்? 'நல்லாத்தான் இருக்கன்' என்பது அந்த நிலையில் அறிவுள்ள பதில். வேறு பதில் சொன்னால் அதற்கு யார் பொறுப்பேற்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் இல்லை. அவர் கணக்கு தப்பவில்லை. 286 என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போனேன் அல்லவா?

ஒருவரின் ரத்தத்தை எடுத்து எண்ணாக மாற்றிக் கொண்டுபோகிறவர், அந்த எண்ணோடு அவரிடமே திரும்பி வரக் கடமைப்பட்டவர். அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவும், அடுத்த மாதம் வந்து "போனீங்களா, போக முடியலன்னா எதனால?" என்று கேட்கவும் நேரமும் ஆளும் பணமும் ஆய்வின் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்கிய கைநாட்டு சம்மதமாகாது.

இப்போதும் சில சமயம் மாணவிகளோடு கணக்கெடுப்புக்குப் போகிறேன். அந்த ஐந்து கட்டக் கேள்வி இன்னும் படிவத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு முடித்த பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: "நீங்க நாலு நாளு படுத்துட்டா, இந்த வூட்டுல யாரு சோறாக்குவா?"

முதல் கேள்விக்கு எல்லாரும் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு முறத்தைக் கீழே வைக்கிறார்கள், கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள். அதன் பிறகுதான் கால் எரிவதையும் ராத்திரி நாலு தடவை எழுந்து போவதையும் சொல்லத் தொடங்குகிறார்கள்.