குதிரைக்கு ஒரு செருப்பு

வெறுங்காலில் நடக்கும் மனிதன் முள் குத்தினால் ‘ஐயோ’ என்று கத்துகிறான். குதிரை கத்துவதில்லை. இந்தச் சிறு வேற்றுமைக்குள் ஒரு பெரிய தர்மக் கேள்வி ஒளிந்திருப்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல். சியெரா நெவாடா மலைப்பாதைகளில் குதிரைச் சவாரி போவது அவருக்கு நெடுநாளைய பழக்கம். ஒரு நாள் காலையில் சேணம் பூட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர், கயிறு, மருந்து எல்லாவற்றையும் கட்டி முடித்த பின், கனத்த ரப்பர்க் கிண்ணம் போன்ற ஒன்றைச் சேணத்தின் பின்புறம் தொங்கவிட்டார்.

“அது என்ன?” என்று கேட்டேன்.

“குதிரைக்குச் செருப்பு. வழியில் லாடம் கழன்றால் மாட்டுவதற்கு.”

“எத்தனை தடவை பயன்பட்டிருக்கிறது?”

“பதினோரு வருஷமாகச் சுமக்கிறேன். இரண்டே தடவை.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முன்பு ஒரு முறை, செருப்பு இல்லாமல் போன நாளில், சாலைக்கு எட்டு மைல் இருக்கும்போது பாறையிடுக்கில் லாடம் பிய்ந்து போயிற்றாம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று இறங்காமலே வந்திருக்கிறார். மறுநாள் குதிரையால் காலை ஊன்ற முடியவில்லை. ஆறு வாரம் லாயத்திலேயே நின்றது.

“முரண்டு பிடித்திருந்தால் இறங்கியிருப்பேன். அது பிடிக்கவே இல்லை!” என்றார்.

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல உணர்ச்சியற்றது. அதனால்தான் அதில் ஆணி அடிக்க முடிகிறது. உள்ளே இருப்பதோ உயிருள்ள சதை. லாடம் பிய்யும்போது சுவரிலும் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். இரும்புக்குப் பழகிய கால் அதன் பிறகு கல்லில் மிதித்தால் உள்ளே கன்றிப்போகும்.

செருப்பைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. முன்னங்குளம்பு வட்டமானது, பின்னங்குளம்பு குறுகலானது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், சீவிய அன்று பொருந்தியது சில வாரங்களில் இறுக்கமாகிவிடும். ஆகவே வீட்டிலேயே மாட்டிப் பார்த்துப் பழக வேண்டும். வழியில் நேர்ந்தாலோ, எஞ்சிய ஆணிகளைப் பிடுங்கி, மண்ணையும் கல்லையும் சுரண்டி எடுத்து, நுனியை முதலில் நுழைத்து, காலைத் தரையில் ஊன்றச் செய்து, பிறகு கொக்கியை இறுக்க வேண்டும். சிறிது தூரம் நடத்தி மறுபடியும் பார்க்க வேண்டும். பெரிதாயிருந்தால் திருகிக் கழன்றுவிடும். சிறிதாயிருந்தால் குதிகாலை உரசிப் புண்ணாக்கும். அளவு பாராமல் வாங்கி மாட்டிய செருப்பு குதிரைக்காக அல்ல, நம் மனச்சாட்சியைத் தூங்கவைப்பதற்காக.

‘நடக்காத ஒன்றுக்காக இவ்வளவு பாடா? துணிந்து புறப்பட வேண்டியதுதானே!’ என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்கிறவன்தான். ஆனால் துணிவது யார், வலிப்பது யாருக்கு? தன் காலைப் பணயம் வைக்கிறவன் வீரன். பிறர் காலைப் பணயம் வைப்பவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

அந்த மலைகளிலேயே 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரி நடக்கிறது. 100 மைலை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். வழியில் மருத்துவர்கள் குதிரைகளைச் சோதிப்பார்கள். தகுதியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முதலில் வருபவருக்கு ஒரு கோப்பை. 1964 முதல் ஹாகின் கோப்பை என்று இன்னொன்றும் உண்டு. முதலில் வந்த பத்துக் குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு அது. ‘எவ்வளவு விரைவில் வந்தாய்?’ என்பதோடு, ‘உன்னைச் சுமந்தது எப்படி இருக்கிறது?’ என்றும் கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் என்னைத் தைத்தது.

நான் உத்தியோகத்தை உதறிவிட்டு எழுத்தை நம்பிப் புறப்பட்டபோது நண்பர்கள் என் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். கையில் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை; அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன். மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொன்னதும், வளையல்களை அடகு வைத்ததும் என் மனைவி. நான் சவாரி செய்தேன். கல்லில் நடந்தது அவள்.

ஊர் திரும்பியதும் அவளிடம் இதைச் சொன்னேன். “அப்போதே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்கவில்லையே!” என்றாள், அரிசியில் கல் பொறுக்கியபடியே.

குதிரையைக் கேட்டால் அது சொல்லாது. அவளைக் கேட்டிருக்கலாம்.